நீலத்தாள்

நாகவோகாவில் மழையா பனியா என்று தீராமல்
ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்த மதியம்.
ரயிலுக்கு நாற்பது நிமிடம்.
இரும்புக் கடை மேசையில் பச்சைத் துணி விரித்து
மூன்று கத்திகளை வைத்தார் கதாகிரி.
பெயர் சட்டையில் குத்தியிருந்தது.
இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி.

மூன்றும் ஒல்லி.
ஒரு தகட்டை நீளவாக்கில் மடித்து
இடுக்கில் அலகைப் படுக்கவைத்திருக்கிறார்கள்,
அவ்வளவுதான் கைப்பிடி.
சுருள்வில் கிடையாது, பூட்டுக் கிடையாது,
பின்னால் வால்போல் ஒரு நெம்பு.
கட்டைவிரல் அதை அழுத்தியிருக்கும்வரை கத்தி திறந்திருக்கும்.
விரல் நழுவினால்
அது உங்களுக்கும் அதற்கும் உள்ள விவகாரம்.

நான் பேருந்து அட்டவணைகளுக்குப் பிழை பார்ப்பவள்.
6.14 என்பது 6.41 என்று அச்சானால்
எங்கோ ஒரு நிறுத்தத்தில்
பேருந்தைத் தவறவிட்டது தெரியாமல் ஒருவர் பனியில் நிற்பார்.
என் பென்சிலுக்கு இரண்டு முனை:
சிவப்பு என்றால் தவறு,
நீலம் என்றால் கேட்டுச் சொல்லவும்.
துருவிகள் எல்லாம் சிவப்பை மென்று துப்புகின்றன.
பழைய கத்தியோ
சித்தோசே விமான நிலையத்தில்
ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விழுந்த சத்தத்தோடு சரி.

பித்தளையை முதலில் எடுத்தேன். பளபளப்பு.
கீழே வைத்து விரலை மோந்தால்
பள்ளி வாத்தியக் குழுவின் ட்ரம்பெட் வாசனை.
அந்தக் கையோடு பேரிக்காய் தின்ன முடியாது.

கறுப்பு, மனதுக்குப் பிடித்தது.
அலகு ஏழரை சென்டிமீட்டர்.
ஆறுக்கு மேல் போனால்
போலீஸ்காரர் காரணம் கேட்பார் என்றார் கதாகிரி.
பேரிக்காய் ஒரு காரணமா?
யோசித்தார். பையில் பேரிக்காய் இருந்தால் ஒருவேளை, என்றார்.

மூன்றாவதற்கு நிறமே இல்லை.
மழைநாள் தகரம் மாதிரி.
நீலத்தாள் எஃகு, என்றார்.
நீலம் எங்கே?
எஃகில் இல்லை, ஆலையில் அதன்மேல் ஒட்டுகிற தாளில்.
துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும்.
பழம் நறுக்கினால் கறுக்கும், பழமும் கொஞ்சம் கறுக்கும்.
இவருக்கு விற்கத் தெரியவில்லை,
அல்லது
நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மறுபடி பித்தளை. மறுபடி கறுப்பு.
திறந்து, மூடி, திறந்து,
இருபது நிமிடம் போயிருந்தது.
அந்தப் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தவள் கடைசியில் கேட்டுவிட்டேன்:
இதில் எது உங்களைக் கடித்தது?
அதையே எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.
கடித்ததைத் தெரிந்து வாங்கினால் ஜாக்கிரதையாக இருக்கலாமே.

கதாகிரிக்குக் காது சிவந்தது.
காகிதம், என்றார்.
ரசீதுச் சுருளை மாற்றும்போது.

பனி வாரும் மண்வெட்டி பார்த்துக்கொண்டிருந்தவர்
திரும்பும் அளவுக்குச் சிரித்துவிட்டேன்.
நிறமில்லாததைக் கட்டித் தரச் சொன்னேன்.
ரசீதை இரண்டு கையாலும் நீட்டினார்,
ஓரத்தில் படாமல்.

நடைமேடை பெஞ்சில்
கைக்குட்டை விரித்துப் பென்சிலைச் சீவினேன்.
சிவப்பு முனை உடையவில்லை.
நீல முனையிலிருந்து முழுதாய் ஒரு சுருள் கழன்று
மடியில் விழுந்தது.
கட்டைவிரலை எடுக்காமலே அதைப் பார்த்தேன்.

பிறகு, பழக்கதோஷம், ரசீதை வாசித்தேன்.
மடக்குக் கத்தி, பித்தளை, ஒன்று.
நானூறு யென் குறைவு.

நீலத்தால் வட்டமிட்டேன்.
3.52 வந்து நின்றது, கதவு திறந்தது,
வெப்பக் காற்று முகத்தில் அடித்தது.
அடுத்தது 4.41 என்றது பலகை.
அதற்கும் யாரோ ஒருவர்
பிழை பார்த்திருப்பார்.
நம்பி,
கடைப்பக்கம் நடந்தேன்.